நேராக்கப்பட்ட பன்னிரண்டு முளைகள்

எங்கள் ஓவர்சியர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று காரியதரிசி வந்து கேட்டார். "இளைஞர்களுக்குப் பயன்படும்படி இருக்கட்டும்" என்றும் சொன்னார். நான் செய்த வேலை கழிவு மேட்டைப் பார்ப்பது. குவாரியில் நல்ல கல்லை எடுத்தபின் மிஞ்சுகிற மண்ணையும் பொடியையும் உடைசலையும் ஓரிடத்தில் கொட்டிக்கொண்டே போவார்கள். அது மேடாகும், பிறகு குன்றாகும். அந்தக் குன்று கொட்டிய இடத்திலேயே நிற்கிறதா, அல்லது எங்கேயாவது புறப்படத் தயாராகிறதா என்று பார்த்து எழுதுவது என் உத்தியோகம். மேடு நின்றால் நான் சும்மா உட்கார்ந்து தின்கிறவன். விழுந்தால் நான் என்ன பார்த்தேன் என்று கேட்பார்கள். இதில் இளைஞர்களுக்கு என்ன பயனோ, அவர்களே எடுத்துக்கொள்ளட்டும்.

ஓய்வு பெற்றவன் என்று என் பெயருக்குக் கீழே போடப் போகிறார்களாம். ஜப்பான் சண்டை முடிந்ததும் கல் வாங்க ஆளில்லாமல் கம்பெனியை மூடினார்கள், அதோடு என்னையும் மூடினார்கள். நாற்பத்தாறு வயதில் வீட்டில் உட்கார்ந்தவனுக்கு ஓய்வு பெற்றவன் என்பது கௌரவமான பெயர்தான். போடட்டும்.

இந்த வேலையைக் கற்றது வடக்கே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில். இரண்டு வருஷம் இருந்தேன். கடுகெண்ணெய்ச் சாப்பாடு, கருப்பான தும்மல், புரியாத பாஷையில் வசவு, அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது. அங்கே பூமிக்குள் இறங்குகிறவனுக்குத்தான் மதிப்பு. வெளியே மேட்டின் மேல் குடை பிடித்து நடக்கிறவனை மாடு தொலைத்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். ஆனால் அந்த மேட்டில்தான் நான் மூன்று விஷயங்களைக் கற்றேன்.

முதலாவது மேல்வாரி. மலைச்சரிவில் ஓடிவரும் மழைத்தண்ணீர் மேட்டுக்குள் இறங்காதபடி அதன் தலைப்பக்கம் வெட்டியிருக்கும் கால்வாய் அது. அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் மேட்டுக்குள் போகும், மேடு ஊறிக் கஞ்சியாகும். இரண்டாவது முளைகள். மேட்டின் இரண்டு பக்கமும் அசையாத பாறையில் பக்கத்துக்கு ஓர் இரும்பு ஆணி அடித்து, நடுவே மேட்டின் குறுக்காக மர முளைகளை ஒரே கோட்டில் நட வேண்டும். ஓர் ஆணியருகே குனிந்து ஒற்றைக் கண்ணால் எதிர் ஆணியைப் பார்த்தால், முளைகள் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக மறைந்து நிற்க வேண்டும். ஏதாவது ஒன்று கோட்டை விட்டு எட்டிப் பார்த்தால், அந்த இடத்தில் மேடு நகர்கிறது. மூன்றாவது அடித்தண்ணீர். மேட்டின் காலடியில் கசிவதைக் கண்ணாடித் தம்ளரில் பிடித்துப் பார்க்க வேண்டும். தெளிவாக இருந்தால் மேடு வெறுமனே வியர்க்கிறது. கலங்கலாக இருந்தால் உள்ளிருந்து மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது.

இவ்வளவையும் சுமந்துகொண்டு ஊருக்குத் திரும்பினேன். விராலிமலைக்குத் தெற்கே ஒரு மொட்டைப் பாறையில் குவாரி நடத்திய கம்பெனி என்னை எடுத்துக்கொண்டது. புதுக்கோட்டையில் அவர்களுடைய ஆபீஸ். நான் அங்கே இருந்துகொண்டு மாதம் ஒரு தடவை குவாரிக்குப் போய் மேட்டைப் பார்த்து வர வேண்டும். வெள்ளிக்கிழமை நான் போவேன், மறுநாள் எஞ்சினீயர் ஜகந்நாதன் வருவார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். படித்தவர், நாணயமானவர். யாரிடமும் ஒரு வெற்றிலை இனாமாக வாங்கமாட்டார். இளநீர் மட்டும் விதிவிலக்கு, அது தண்ணீர்தானே என்பது அவர் கட்சி. கார் ஏறக்கூடிய இடம்வரை ஏறும். அதற்குமேல் அவர் ஏறமாட்டார். நல்லவேளையாக மேற்குப் பக்கத்து ஆணி கார் நிற்கும் இடத்துக்கு அருகிலேயே இருந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுப்பார். இடது கண்ணை மூடுவார். மூச்சை அடக்கிக்கொண்டு முளைக்கோட்டைப் பார்ப்பார், தச்சன் பலகையின் விளிம்பைப் பார்ப்பது போல. பிறகு "ம்" என்பார். கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு மூன்றே கேள்வி கேட்பார்.

"வாரி?"

"ஓடுது சார்."

"முளை?"

"நேரா இருக்கு சார்."

"அடித்தண்ணி?"

"தெளிவு சார்."

காரின் முகப்பில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போடுவார். பிறகு இளநீர். ஒரு தடவை, இளநீரைக் குடித்து முடித்துவிட்டு, "உங்க கோடு ரூல் போட்டாப்பல இருக்கு ஓவர்சியர். மத்த குவாரியில எல்லாம் பாம்பு மாதிரி நெளியுது" என்றார். இந்தப் பாராட்டை நான் மூன்று நாள் என் மனைவி விசாலத்திடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

நாங்கள் வருவதை ஒரு வாரம் முன்னால் கடிதம் எழுதிக் குவாரி மேஸ்திரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அதை எழுதுகிறவன் நான். மேஸ்திரி அடைக்கலம் ஆள் குட்டை, குரல் நெட்டை. படிக்கத் தெரியாது. டீக்கடையில் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்பார். கேட்டதும் குவாரி முழுவதும் கல்யாண வீடாகிவிடும். நடைபாதையைப் பெருக்கி, இரண்டு பக்கக் கல்லுக்கும் சுண்ணாம்பு அடிப்பார்கள். பாதையோரம் தெரிகிற வாரியைச் சமையலறை மடை போலக் கழுவி வைப்பார்கள். மரியாதை தெரிந்த ஜனங்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

இனி என் பயத்தைப் பற்றி. நான் எதற்கும் பயப்படுகிறவன், பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் அதிகம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பேச்சு வந்தபோது, புதுக்கோட்டையில் நாங்கள் குடியிருந்த வீட்டின் கொல்லையில் பதுங்கு குழி வெட்டினேன். குண்டு வரவில்லை, வீட்டுக்காரர் வந்தார். அடுத்து எங்கள் தெருவில் காலரா வந்தது. இரண்டு வீடு தள்ளி ஒருவர் போய்விட்டார் என்று கேட்ட அன்றே, விசாலத்தையும் ஒன்பது வயதுக் கமலாவையும் கைக்குழந்தையையும் வண்டியில் ஏற்றிக் குவாரிக்குக் கொண்டுபோனேன். அங்கே கம்பெனி பங்களா ஒன்று இருந்தது. பங்களா என்றால் இரண்டு அறை, ஓட்டுக்கூரை. நல்ல கிணறு. கழிவு மேட்டின் காலடியில் இருந்தது. அந்த மேடு பத்திரமானது என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவனே நான்தான் என்பதால் அதில் எனக்குப் பயமில்லை.

அதுவரை கூலிக்காரர்களின் குடிசைகள் வயலைத் தாண்டித் தூரத்தில் இருந்தன. கிணற்றுத் தண்ணீருக்கு அரை மைல் நடப்பார்கள். என் குடும்பம் வந்து இரண்டு மாதத்தில் பங்களாவுக்கும் மேட்டுக்கும் நடுவே பத்தொன்பது குடிசைகள் முளைத்துவிட்டன. ஓவர்சியரே பெண்டாட்டி பிள்ளைகளைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார் என்றால் வேறு என்ன சாட்சி வேண்டும்? எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. வெள்ளிக்கிழமை நான் போக வேண்டிய நாள். புதன்கிழமை மாலை, குழந்தைக்கு வயிற்றால் போகிறது என்று விசாலம் ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள். எனக்குக் காலரா என்ற ஒரே நினைப்பு. வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில், கரிப்புகை கக்கிக்கொண்டு ஏற்றம் வந்தால் எல்லோரையும் இறங்கித் தள்ளச் சொல்லும் பஸ்ஸில், கிளம்பிவிட்டேன். போய்ச் சேர்ந்தால் குழந்தை தரையில் உட்கார்ந்து கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தது.

"பல்லு மொளைக்குது. அதுக்கா இந்த மழையில ஓடியாந்தீங்க?" என்றாள் விசாலம்.

சந்தோஷத்தில் மழை விட்ட நேரம் பார்த்து மேட்டில் ஏறினேன். உத்தியோகம் என்ற எண்ணமே இல்லை. கடிதத்தில் சொல்லாத ஒரு நாளில் நான் அங்கே ஏறியது அதுதான் முதல் தடவை.

மேலே அடைக்கலம் மேற்கு ஆணியருகே குனிந்து ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஆணிக்கு ஆணி கயிறு கட்டியிருந்தது. நடு மேட்டில் அவர் மனைவி ராக்காயி ஒரு முளையைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தாள். இன்னொரு பெண் சுண்ணாம்புச் சட்டியோடு நின்றாள்.

"இன்னும் மேல ஏத்து" என்றார் அடைக்கலம்.

"ஏத்துறேன், ஏத்துறேன். ஒங்கண்ணு கோணலா, குச்சி கோணலான்னே தெரியல."

"கயித்தப் பாருடி. கயிறு பொய் சொல்லுமா?"

"ஒன்னயக் கட்டுன நாளா நானும் ஒரு கயித்தத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

நான் செருமினேன். அடைக்கலம் நிமிர்ந்து தலைத்துண்டை அவிழ்த்தார். "ஐயா, நாளைக்கில்ல வாரதாக் கடுதாசி?"

"என்னய்யா செய்றே?"

"நேராக்குறோங்கய்யா."

"எதை?"

"குச்சியத்தான். நடுவுல நாலு குச்சி மாசா மாசம் கோணிக்கிருது. மண்ணு சரியில்ல. நீங்க வாரதுக்கு மொத நாளே நேராக்கி, சுண்ணாம்பும் அடிச்சிருவோம்." பாராட்டுக்குக் காத்திருக்கிறவரைப் போல முகம் மலர்ந்து சொன்னார்.

"எத்தனை மாசமா?"

"ஆடியிலேருந்து."

"இந்த மாசம் எவ்வளவு கோணியிருந்துது?"

அவர் யோசித்தார். ராக்காயி முளையைக் கீழே போட்டுவிட்டுக் கையை நீட்டிக் காட்டினாள். "முன்ன சாணு, ஒண்ணரைச் சாணுன்னு வந்துச்சு. இந்த மாசம் எங்கையால ரெண்டு மொழம்."

அப்படியே தரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த தரை அந்த மேடுதான் என்று நினைவு வந்ததும் எழுந்துவிட்டேன்.

"இதை யாரு நேராக்கச் சொன்னது?"

அடைக்கலம் மனைவியைப் பார்த்தார். அவளுக்கு அந்தத் தயக்கமெல்லாம் கிடையாது. "நீங்கதான? ஆடி மாசம் வந்து, குடிகாரப் பய நட்டாப்பல இருக்கு, நாளைக்கு எஞ்சினீயரு வரக்குள்ள நேரா இருக்கணும்னு வஞ்சுட்டுப் போனீங்கல்ல. அன்னைக்கு முச்சூடும் இந்த மனுசன் சோறு திங்கல."

சொன்னேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனி மாதம் பன்னிரண்டு முளைகளை நடச் சொல்லிவிட்டு, நட்டு முடிக்கும்வரை வெயிலில் நிற்க மனமில்லாமல் சாப்பிடப் போனவன் நான். அடுத்த மாதம் நடு முளைகள் நான்கும் ஒரு சாண் கீழே இறங்கியிருந்தன. மேடு நகர்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. படிக்காத ஆள் கோணலாக நட்டுவிட்டான் என்று தோன்றியது. இரண்டு வருஷம் கரித்தூளில் தும்மிக்கொண்டு கற்ற பாடம் அந்த ஒரு நிமிஷத்தில் எங்கே போயிற்று என்று இன்றைக்கும் தெரியவில்லை.

மேல்வாரியைப் பார்க்க ஓடினேன். பாதையிலிருந்து தெரிகிற தூரம்வரை கண்ணாடி போல இருந்தது. வளைவு தாண்டியதும் வாரியே இல்லை. சண்டைக்காகச் சல்லி கேட்டு நெருக்கியதில், கொட்ட இடம் தேடி அதிலேயே கொட்டியிருந்தார்கள். மலைத்தண்ணீர் முழுவதும் அங்கே மேட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே வந்து காலடியில் கையை ஏந்திப் பார்த்தேன். தம்ளர் தேவைப்படவில்லை. டீக்கடைத் தேநீர் நிறம்.

ஜனங்களை அப்புறப்படுத்த எஞ்சினீயர் உத்தரவு வேண்டும். ஒரு ஆளைப் புதுக்கோட்டைக்கு அனுப்பிவிட்டு, உத்தரவுக்குக் காத்திருக்காமல் குடிசை குடிசையாகப் போய்ச் சொன்னேன். யாரும் அசையவில்லை. கிழவர் ஒருவர், "அங்கிட்டு ஒங்க வீட்டம்மா சோறு வடிக்கிற பொக வருதேய்யா" என்றார். பங்களாவுக்கு ஓடினேன்.

"கிளம்பு. பாறை மேல போயிரணும். மேடு வரப்போவுது."

விசாலம் அடுப்பைவிட்டுத் திரும்பவில்லை. "ஜப்பான்காரனுக்குப் பயந்து குழி வெட்டினீங்க. காலராவுக்குப் பயந்து இங்க கொண்டாந்தீங்க. இப்ப மண்ணுக்குப் பயந்து நடு மழையில பாறை மேல ஒக்காரணுமா? அடுத்து எதுக்குப் பயப்படப் போறீங்க, அதயும் சொல்லிருங்க. ஒரே நடையாப் போயிரலாம்."

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. பதினொரு வருஷமாக ஒவ்வொரு ஆபத்தையும் நான் முன்கூட்டியே அறிவித்து, அவை ஒன்றும் வராமல் போய், என் பயத்துக்கு வீட்டில் மரியாதையே இல்லாமல் போயிருந்தது. உண்மையான ஆபத்து வந்தபோது அதைச் சொல்ல என்னிடம் வேறு குரல் இல்லை. கமலா வாசற்படியில் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் தப்பாப் பாத்துட்டேன், விசாலம்" என்றேன். "மூணு மாசமாத் தப்பாப் பாத்து எழுதியிருக்கேன்."

அவள் திரும்பினாள். நான் தப்புச் செய்தேன் என்று என் வாயால் சொல்லி அவள் கேட்டதே இல்லை. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கொதித்துக்கொண்டிருந்த சோற்றுப் பானையைப் பிடிதுணியோடு இறக்கினாள். குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, துணியோடு பானையைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கி நடந்தாள்.

நான் தொண்டை கிழியச் சொல்லியும் நடக்காதது அந்தப் பானையால் நடந்தது. அரைவேக்காட்டுச் சோற்றை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டு எந்தப் பெண்ணும் விளையாட்டுக்குத் தெருவில் போகமாட்டாள். ராக்காயி அதைப் பார்த்தாள். "ஏ, அம்மா ஒலப்பானையத் தூக்கிருச்சுடி" என்று ஒரு சத்தம் கொடுத்தாள். கால் மணிக்குள் பத்தொன்பது குடிசையும் காலி. ஆடு, கோழி, அம்மிக்குழவிவரை பாறைக்கு வந்துவிட்டன.

பிற்பகல் மூன்று மணி இருக்கும். பெரிய சத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. மேட்டின் நடுப்பகுதி, களைத்த ஆள் உட்காருவது போல மெதுவாக உட்கார்ந்தது. பிறகு அதன் கால் முன்னால் நடந்தது. அவசரமில்லாமல் நடந்தது. குடிசைகள் இருந்த இடம் போயிற்று, கிணறு போயிற்று, பங்களாவின் சமையலறைச் சுவரைத் தள்ளிக்கொண்டு போய் உள்ளே நின்றது. கமலா என் கையைப் பிடித்திருந்தாள். அன்றிலிருந்து பல நாள் விடவில்லை.

தலைகளை எண்ணினேன். ஒரு தலை குறைந்தது. அடைக்கலம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அடைபட்ட வாரியை வெட்டித் திறக்கப் போயிருந்தார். யாரும் சொல்லவில்லை, தானாகவே போயிருந்தார். மேட்டின் ஓரத்தில் உருண்டு வந்த கல்லுக்கு அடியில் இடது கால் சிக்கிக் கிடந்தார். உயிர் பிழைத்தார். முழங்காலுக்குக் கீழே ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

சில வாரம் கழித்து விசாரணை நடந்தது. அதற்கும் முன்னதாகவே கடிதம் வந்தது. நாங்கள் போனபோது பாதையைப் பெருக்கி, மிச்சமிருந்த கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அடைக்கலத்தைக் கயிற்றுக் கட்டிலில் தூக்கிவந்து, பங்களாவில் மிஞ்சியிருந்த அறையில் வைத்தார்கள்.

"முளைகளை மாற்றி நட்டது யார்?" என்று கேட்டார் ஜகந்நாதன்.

"நாந்தாங்கய்யா."

"யார் சொல்லி?"

"யாரும் சொல்லலீங்க. பாக்க லெச்சணமா இருக்கட்டும்னு நானா செஞ்சேன்."

ராக்காயி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள். எஞ்சினீயரும் என் பக்கம் திரும்பி, "உங்களுக்குத் தெரியுமா ஓவர்சியர்?" என்றார்.

மிச்சச் சாமான்களை எடுக்க என்னோடு வந்திருந்த கமலாவும் விசாலமும் வாசலில் நின்றிருந்தார்கள். குழந்தைக்கு இரண்டாவது பல் வந்திருந்தது. வேலை போனால் இவர்களை எங்கே கொண்டுபோவேன் என்ற ஒரே நினைப்பு. "எனக்குத் தெரியாது சார்" என்றேன். மாதாமாதம் நேராக்குகிறார்கள் என்பது அந்த வியாழக்கிழமைவரை தெரியாதுதான். அவர் கேட்டது அதையல்ல என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "ம்" என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

மேஸ்திரியின் அறியாமையும் கவனக்குறைவும் காரணம் என்று முடிவாயிற்று. அடைக்கலத்தை நீக்கினார்கள். சமயோசிதமாக ஜனங்களைக் காப்பாற்றினேன் என்று எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்ட ஆசாரியைக் கூப்பிடலாமா என்று என் மாமனார் கேட்டார். விசாலம் அதை எடுத்துப் பெட்டிக்கடியில் வைத்துவிட்டாள். அதற்குப்பின் நான்கு பருவம் வேறு மேடுகளைப் பார்த்தேன். கடிதம் எழுதாமல் போவேன். சொல்லாமல் வருகிறான் என்று இரண்டு தடவை மேலிடத்துக்குப் புகார் போயிற்று.

போன மாதம் மதுரைக்குப் போகிற பஸ் விராலிமலையில் தண்ணீர் ஊற்ற நின்றது. சாலையோரம் சல்லிக் குவியலின் முன்னே அடைக்கலம் உட்கார்ந்து கல் உடைத்துக்கொண்டிருந்தார். இதற்குமுன் மூன்று தடவை அவரை அங்கே பார்த்திருக்கிறேன். மூன்று தடவையும் பஸ்ஸின் அடுத்த பக்கம் இறங்கினேன். இந்தத் தடவை அவரிடம் போனேன்.

"ஐயா, வாங்க. பாப்பா நல்லாருக்கா?"

"கமலாவுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருக்கோம்."

"நல்ல எடமாப் பாருங்க."

"அன்னைக்கு விசாரணையில நான் சொல்லியிருக்கணும், அடைக்கலம். ஆடி மாசம் நான்தான் திட்டினேன்னு."

இரண்டு கல்லை உடைத்தார். "சொல்லியிருந்தா ஒங்க வேலையும் போயிருக்கும். எங்காலு வந்திருக்குமா? விடுங்கய்யா."

"மலர் ஒண்ணு போடுறாங்க. அதுல எழுதலாம்னு இருக்கேன்."

"கலியாணம் பேசுற நேரத்துல எதுக்குங்கய்யா?" என்றார். உண்மையான கவலையோடு கேட்டார். விசாலமும் அதையேதான் சொல்லியிருந்தாள், கல்யாணம் முடியட்டும் என்று.

ராக்காயி கூடையோடு வந்து பக்கத்தில் நின்றாள். கூடையைத் தலையிலிருந்து இறக்கவில்லை. "எழுதட்டுமே. ஒம் பேரு ஏற்கெனவே எழுதியாச்சு. அவுக பேரத்தான் இன்னும் எழுதல" என்றாள். பஸ் ஹாரன் அடித்தது. நான் ஏறிக்கொண்டேன்.

ஆகவே காரியதரிசி அவர்கள் இந்தக் கடைசிப் பத்தியை இடமில்லை என்று வெட்டாமல் அச்சிட வேண்டும். ஆடி மாதப் பரிசோதனையில் நடு முளைகள் நான்கு ஒரு சாண் கீழே வந்திருந்தன. நான் பார்த்தேன். மேஸ்திரியைத் திட்டி நேராக்கச் சொன்னேன். மறுநாள் எஞ்சினீயரிடம் முளைகள் நேராக இருப்பதாகச் சொன்னேன். விசாரணையில் இதை மறைத்தேன். மேஸ்திரி அடைக்கலம் தனக்கிட்ட வேலையைச் செய்தார்.